கண்காணிப்புப் படக்கருவிகளில் அகச்சிவப்பு ஒளியூட்டல்

அகச்சிவப்பு ஒளியூட்டல் என்பது, கண்காணிப்புப் படக்கருவி இருளிலும் காட்சியைப் பதிவு செய்வதற்காக, அக்காட்சியின் மீது அகச்சிவப்புக் கதிர்களைப் பாய்ச்சும் முறை ஆகும். வீடு, கடை, தெருமுனை, அலுவலகம் முதலிய இடங்களில் பொருத்தப்படுவனவும், பேச்சு வழக்கில் சி.சி.டி.வி. கேமரா என வழங்கப்படுவனவுமான படக்கருவிகளில் பெரும்பாலானவை இரவில் இம்முறையில் இயங்குகின்றன. வில்லையைச் சுற்றியோ அதன் அருகிலோ அமைந்துள்ள சிறு விளக்குகள் இக்கதிர்களை வெளியிடுகின்றன.

இவ்விளக்குகளில் இரண்டு அலைநீளங்கள் மிகுதியாகப் பயன்படுகின்றன. ஒன்று 850 நானோமீட்டர்; மற்றொன்று 940 நானோமீட்டர். முதல் வகை விளக்கை இருளில் நேரே நோக்கினால் மங்கிய செந்நிறப் புள்ளிகள் தெரியும். இரண்டாம் வகை விளக்கில் வெறுங்கண்ணுக்கு எதுவும் தெரியாது. இதனால் வணிக வழக்கில் இவை முறையே தெரியும் அகச்சிவப்பு, தெரியாத அகச்சிவப்பு என்று குறிக்கப்படுகின்றன.

தெரியாத ஒளியே பாதுகாப்புக்கு உகந்தது என்று முதற்பார்வையில் தோன்றலாம். ஆனால் அலைநீளம் கூடக் கூட, அந்த ஒளி மனிதக் கண்ணுக்கு மட்டுமன்றிப் படக்கருவியின் உணரிக்கும் குறைவாகவே புலப்படுகிறது. எனவே இவ்விரண்டில் ஒன்றைத் தெரிவு செய்வது, மறைவுக்கும் எட்டும் தொலைவுக்கும் இடையே ஒன்றைத் தெரிவு செய்வது ஆகும்.

வரையறை

மனிதக் கண்ணுக்குப் புலப்படும் ஒளியின் அலைநீளம் ஏறத்தாழ 400 முதல் 700 நானோமீட்டர் வரை ஆகும். இவ்வெல்லையில் செந்நிறத்துக்கு அப்பால் உள்ள கதிர்கள் அகச்சிவப்புக் கதிர்கள் எனப்படும். இது மிகப் பரந்த பகுதி. கண்காணிப்புப் படக்கருவிகள் பயன்படுத்துவது இதன் தொடக்கத்தில், செந்நிறத்தை ஒட்டியுள்ள அண்மை அகச்சிவப்புப் பகுதியை மட்டுமே.

இதனை வெப்பப் படக்கருவியுடன் குழப்பிக்கொள்ளக் கூடாது. வெப்பப் படக்கருவிகள் உடல்களும் பொருள்களும் தாமாகவே வெளியிடும் நெட்டலை அகச்சிவப்பை உணர்கின்றன. அவற்றின் அலைநீளம் பெரும்பாலும் 8 முதல் 14 மைக்ரோமீட்டர் வரை, அதாவது 8,000 முதல் 14,000 நானோமீட்டர் வரை ஆகும். அவற்றுக்கு விளக்கு தேவையில்லை. 850, 940 நானோமீட்டர் கதிர்களை மனித உடல் குறிப்பிடத்தக்க அளவில் வெளியிடுவதில்லை. ஆகவே அவற்றைப் பயன்படுத்தும் படக்கருவி தன் விளக்கிலிருந்து சென்று, பொருள்களின் மேல் பட்டுத் திரும்பும் ஒளியையே பதிவு செய்கிறது. விளக்கு பழுதுபட்டால் படமும் இருண்டுவிடும்.

வரலாறு

அகச்சிவப்புக் கதிர்களை 1800-ஆம் ஆண்டில் வில்லியம் எர்செல் கண்டறிந்தார். அவர் சூரிய ஒளியை முப்பட்டகத்தின் வழியே பிரித்து, ஒவ்வொரு நிறத்திலும் வெப்பமானியை வைத்து அளந்தார். செந்நிறத்துக்கு அப்பால், ஒளியே தென்படாத இடத்தில் வைத்த வெப்பமானி கூடுதல் வெப்பத்தைக் காட்டியது.

இருளில் பார்ப்பதற்கு இக்கதிர்களைப் பயன்படுத்தும் முயற்சி இரண்டாம் உலகப் போரில் நடைமுறைக்கு வந்தது. செருமனியும் ஐக்கிய அமெரிக்காவும் அகச்சிவப்பு விளக்கையும் உருமாற்றுக் குழாயையும் இணைத்த இரவுநோக்கிகளைப் போர்க்களத்தில் பயன்படுத்தின. இம்முறையின் அடிப்படைக் குறை அக்காலத்திலேயே அறியப்பட்டிருந்தது. எதிரியிடமும் அத்தகைய நோக்கி இருந்தால், விளக்கை ஏந்தியவரின் இருப்பிடம் அவனுக்குத் தெளிவாகத் தெரிந்துவிடும். அகச்சிவப்பு ஒளி வெறுங்கண்ணுக்கு மட்டுமே மறைந்தது என்பது இன்றும் பொருந்தும் உண்மை ஆகும்.

தொடக்ககாலக் கண்காணிப்பு அமைப்புகளில் தங்குதன் இழை கொண்ட ஆலசன் விளக்குகளின் முன் கறுப்பு வடிகட்டி ஒன்றைப் பொருத்தி, கட்புல ஒளியைத் தடுத்து, அகச்சிவப்பை மட்டும் வெளியே விடுவர். இவ்விளக்குகள் மிகுந்த மின்சாரத்தை உட்கொண்டு, பெரும்பகுதியை வெப்பமாக வீணாக்கின.

இந்நிலையை மாற்றியது எல்.இ.டி. எனப் பரவலாக அறியப்படும் ஒளி உமிழ் டையோடு. காலியம் ஆர்சனைடு முதலிய குறைக்கடத்திகளிலிருந்து அகச்சிவப்பு வெளிப்படுவதை 1955-இல் ஆர்.சி.ஏ. நிறுவனத்தின் ரூபின் பிரவுன்சுடைன் அறிவித்தார். 1961-இல் டெக்சாசு இன்சுட்ருமெண்ட்சு நிறுவனத்தைச் சேர்ந்த சேம்சு பியார்டு, கேரி பிட்மன் ஆகியோர் காலியம் ஆர்சனைடு டையோடு அகச்சிவப்பை வெளியிடுவதைக் கண்டறிந்தனர். அடுத்த ஆண்டு அது விற்பனைப் பொருளாக வெளிவந்தது. கண்ணுக்குப் புலப்படும் செந்நிற டையோடு உருவாக்கப்பட்டதும் அதே 1962-ஆம் ஆண்டில்தான்.

மறுபுறத்தில், 1969-இல் பெல் ஆய்வகத்தில் வில்லார்டு பாயில், சார்ச்சு சுமித் ஆகியோர் மின்னூட்டப் பிணைப்புக் கருவியை உருவாக்கினர். இதற்காக 2009-இல் அவர்களுக்கு இயற்பியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. சிலிக்கானால் ஆன இவ்வகை உணரிகளும், பின்னர் வந்த சீமாசு உணரிகளும், கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பையும் உணரக்கூடியவை. மலிவான அகச்சிவப்பு விளக்கும் அதனை உணரும் மலிவான உணரியும் ஒருங்கே கிடைத்ததே இரவுப் பார்வைப் படக்கருவிகள் இன்று எங்கும் பரவியிருப்பதற்குக் காரணம் ஆகும்.

செயல்படும் முறை

இரவு பகல் இரண்டிலும் இயங்கும் படக்கருவியில் பின்வரும் உறுப்புகள் உள்ளன.

- ஒளியளவை உணரும் பகுதி: சுற்றுப்புற ஒளி குறிப்பிட்ட அளவுக்குக் கீழே குறைந்ததை அறிந்து, கருவியை இரவு நிலைக்கு மாற்றும்.
- அகச்சிவப்புத் தடுப்பு வடிகட்டி: உணரியின் முன் அமைந்த மெல்லிய கண்ணாடித் தகடு. பகலில் சூரிய ஒளியிலுள்ள அகச்சிவப்பு உணரியை அடைந்தால் நிறங்கள் திரியும். அதனை இத்தகடு தடுக்கிறது. இரவில் சிறு மின்காந்தம் ஒன்று இத்தகட்டை வழியிலிருந்து விலக்கிவிடும். மாலை வேளையில் சில படக்கருவிகளிலிருந்து 'டக்' என்ற மெல்லிய ஓசை எழுவது இதனால்தான்.
- அகச்சிவப்பு டையோடுகள்: வடிகட்டி விலகியதும் எரியத் தொடங்கும்.
- உணரி: திரும்பி வரும் ஒளியை மின்குறிகையாக மாற்றும்.

உணரியில் ஒவ்வொரு படப்புள்ளியின் மேலும் சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகளில் ஒன்று உள்ளது. அண்மை அகச்சிவப்பில் இம்மூன்றும் ஏறத்தாழ ஒரே அளவில் ஒளியைக் கடத்துவதால் நிறவேறுபாடு மறைகிறது. எனவே அகச்சிவப்பு ஒளியில் பதிவாகும் படம் கறுப்பு வெள்ளையாகக் காட்டப்படுகிறது.

850 நானோமீட்டர் விளக்கு ஏன் சிவப்பாகத் தெரிகிறது

மனிதக் கண்ணின் பார்வை 700 நானோமீட்டரில் திடீரென்று நின்றுவிடுவதில்லை. உணர்திறன் படிப்படியாகவே குறைகிறது. பன்னாட்டு ஒளியூட்டல் ஆணையம் 1924-இல் ஏற்றுக்கொண்ட சராசரிக் கண்ணின் உணர்திறன் அட்டவணையில், 555 நானோமீட்டர் பச்சை ஒளிக்கு உரிய உணர்திறன் 1 எனக் கொள்ளப்படுகிறது. அதனோடு ஒப்பிட்டால் 780 நானோமீட்டரில் உணர்திறன் ஒரு இலட்சத்தில் ஒன்றரைப் பங்கு. 830 நானோமீட்டரில் ஒரு கோடியில் நான்கரைப் பங்கு. இது மிகச் சிறிய அளவு. ஆயினும் சுழி அன்று.

மேலும், 850 நானோமீட்டர் டையோடு அந்த ஓர் அலைநீளத்தை மட்டும் வெளியிடுவதில்லை. அதன் ஒளி 850-ஐ நடுவாகக் கொண்டு இருபுறமும் சில பத்து நானோமீட்டர்கள் பரவியிருக்கும். குறுகிய அலைநீளப் பக்கத்தில் உள்ள வால்பகுதியைக் கண் சற்றுக் கூடுதலாக உணர்கிறது. விளக்கு வலிமையானதாகவும் மிகச் சிறிய பரப்பில் குவிந்ததாகவும் இருப்பதால், இருளுக்குப் பழகிய கண்ணுக்கு அது கரிய பின்புலத்தில் சிவந்த புள்ளியாகத் தென்படுகிறது.

இங்கு ஒன்றைக் கருத்தில் கொள்ள வேண்டும். தெரிவது விளக்கு மட்டுமே. அதன் ஒளி விழும் சுவரோ தரையோ சிவப்பாகத் தெரிவதில்லை. படக்கருவி இருக்கும் திசையை நேரே நோக்குபவருக்கே அதன் இருப்பு தெரியவரும்.

940 நானோமீட்டரில் கண்ணின் உணர்திறன் மேலும் பன்மடங்கு குறைந்துவிடுவதால் விளக்கு முற்றிலும் இருண்டே தோன்றும். தொலைக்காட்சித் தொலைஇயக்கிகளின் முனையில் உள்ள டையோடும் பெரும்பாலும் இதே அலைநீளத்தைச் சார்ந்தது. பொத்தானை அழுத்தும்போது நாம் எதையும் காணாததற்கு இதுவே காரணம்.

940 நானோமீட்டரில் ஏன் தொலைவு குறைகிறது

ஒளி, போட்டான்கள் எனப்படும் ஆற்றல் பொதிகளாகச் செல்கிறது. ஒரு போட்டான் சிலிக்கானில் ஓர் எலக்ட்ரானை விடுவிக்க வேண்டுமானால், அதன் ஆற்றல் சிலிக்கானின் ஆற்றல் இடைவெளியான 1.12 எலக்ட்ரான் வோல்ட்டைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். 850 நானோமீட்டர் போட்டானின் ஆற்றல் 1.46 எலக்ட்ரான் வோல்ட். 940 நானோமீட்டர் போட்டானின் ஆற்றல் 1.32 எலக்ட்ரான் வோல்ட். இரண்டும் போதுமானவையே. ஏறத்தாழ 1,100 நானோமீட்டருக்கு அப்பால்தான் சிலிக்கான் முற்றிலும் ஒளி ஊடுருவும் பொருளாகிவிடுகிறது.

ஆனால் அந்த எல்லையை நெருங்க நெருங்க, போட்டான் உட்கவரப்படுவதற்கு முன் சிலிக்கானுக்குள் மேலும் மேலும் ஆழமாகச் சென்றுவிடுகிறது. ஒளியின் செறிவு ஏறத்தாழ 37 விழுக்காடாகக் குறையும் ஆழத்தை ஒப்பிட்டால் இது விளங்கும்.

- 550 நானோமீட்டர் பச்சை ஒளி: ஏறத்தாழ 1.5 மைக்ரோமீட்டர்
- 850 நானோமீட்டர்: ஏறத்தாழ 19 மைக்ரோமீட்டர்
- 940 நானோமீட்டர்: ஏறத்தாழ 55 மைக்ரோமீட்டர்

வழக்கமான உணரிகளில் ஒளியை ஏற்கும் சிலிக்கான் அடுக்கு சில மைக்ரோமீட்டர் தடிப்பே உடையது. எடுத்துக்காட்டாக, அத்தடிப்பு 3 மைக்ரோமீட்டர் எனக் கொள்வோம். அந்த அடுக்கு பச்சை ஒளியில் ஏறத்தாழ 86 விழுக்காட்டையும், 850 நானோமீட்டர் ஒளியில் 15 விழுக்காட்டையும், 940 நானோமீட்டர் ஒளியில் 5 விழுக்காட்டுக்குச் சற்று மேலும் மட்டுமே உட்கவரும். எஞ்சியது பயனின்றிக் கடந்து சென்றுவிடும். அதாவது, ஒரே வலிமை உடைய இரு விளக்குகளில் 940 நானோமீட்டர் விளக்கு தரும் குறிகை, மற்றதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே ஆகும்.

இதனால் தொலைவு மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிடுவதில்லை. விளக்கிலிருந்து செல்லும் ஒளியின் செறிவு தொலைவின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது. தொலைவு இரு மடங்கானால் ஒளி நான்கில் ஒரு பங்காகும். எனவே குறிகை மூன்றில் ஒரு பங்கானால், எட்டும் தொலைவு ஏறத்தாழ 60 விழுக்காடாகும். 850 நானோமீட்டரில் 30 மீட்டர் எட்டும் விளக்கு, 940 நானோமீட்டரில் 18 மீட்டர் அளவே எட்டும். இழந்த தொலைவை மீட்க வேண்டுமானால் ஏறத்தாழ மூன்று மடங்கு வலிமையான விளக்கு தேவை. அதற்கேற்ப மின்செலவும் வெப்பமும் கூடும்.

இவ்வேறுபாட்டைக் குறைக்கும் முயற்சிகளும் நடந்துள்ளன. 2017-இல் ஓம்னிவிசன் நிறுவனம் அறிமுகப்படுத்திய நைக்செல் தொழில்நுட்பத்தில், தடித்த சிலிக்கான் அடுக்கும் உள்நுழையும் ஒளியைச் சிதறச் செய்து அதன் பாதையை நீட்டிக்கும் மேற்பரப்பும் பயன்படுத்தப்பட்டன. இத்தகைய உணரி உள்ள கருவிகளில் 940 நானோமீட்டரின் பின்னடைவு மேற்கண்ட கணக்கைவிடக் குறைவாக இருக்கும்.

எட்டும் தொலைவும் அடையாளம் காணும் தொலைவும்

படக்கருவியின் பெட்டியில் அச்சிடப்பட்டுள்ள 30 மீட்டர் என்பது, அத்தொலைவில் ஓர் உருவம் இருப்பதைக் காட்டும் அளவுக்கு ஒளி சென்றடையும் என்பதையே குறிக்கிறது. அந்த உருவம் யார் என்பதைச் சொல்ல இயலுமா என்பது வேறு வினா. அதற்கு முகத்தின் மீது போதிய படப்புள்ளிகள் விழ வேண்டும்.

கண்காணிப்பு அமைப்புகளுக்கான 62676-4 என்னும் பன்னாட்டுத் தரத்தின் 2014-ஆம் ஆண்டுப் பதிப்பின்படி, முன்பின் அறியாத ஒருவரை அடையாளம் காண்பதற்குக் காட்சியின் ஒரு மீட்டர் அகலத்துக்கு 250 படப்புள்ளிகள் வேண்டும். ஏற்கெனவே அறிந்தவரை இனங்காண 125, ஆள் நடமாட்டம் இருப்பதைக் கண்டறிய 25 போதும்.

கிடைமட்டமாக 1,920 படப்புள்ளிகளும் ஏறத்தாழ 5.6 மில்லிமீட்டர் அகல உணரியும் 4 மில்லிமீட்டர் வில்லையும் கொண்ட ஒரு பொதுவான படக்கருவியை எடுத்துக்கொள்வோம். அதில் மீட்டருக்கு 250 படப்புள்ளிகள் கிடைப்பது ஏறத்தாழ 5.5 மீட்டர் தொலைவு வரைதான். 18 மீட்டரில் மீட்டருக்கு 76 படப்புள்ளிகளும், 30 மீட்டரில் 46 படப்புள்ளிகளும் மட்டுமே கிடைக்கும். பகல் வெளிச்சத்திலும் இக்கணக்கு மாறாது.

இதிலிருந்து பயனுள்ள ஒரு முடிவு பெறப்படுகிறது. இக்கருவியில் 940 நானோமீட்டருக்கு மாறுவதால் இழக்கப்படும் 18 முதல் 30 மீட்டர் வரையிலான பகுதியில், எந்த விளக்கைப் பயன்படுத்தினாலும் முகத்தை அடையாளம் காண இயலாது. ஆகவே வாயிற்படி, கல்லாப்பெட்டி, மின்தூக்கி போன்ற குறுகிய இடங்களில் தெரியாத ஒளியின் குறை பெரிதன்று. திறந்தவெளி, சரக்குக்கிடங்கு முற்றம், நீண்ட மதில் ஆகியவற்றில், நெடுந்தொலைவைக் காட்டும் வில்லையுடன் 850 நானோமீட்டர் விளக்கே ஏற்றது.

ஒளி குறைந்தால் ஏற்படும் மற்றொரு சிக்கல் அசைவு மங்கல் ஆகும். குறைந்த ஒளியை ஈடுசெய்யப் படக்கருவி ஒவ்வொரு படத்துக்கும் கூடுதல் நேரம் ஒளியைச் சேகரிக்கும். நொடிக்கு 1.5 மீட்டர் வேகத்தில் நடப்பவர், 25-இல் ஒரு நொடிக்குள் 6 சென்டிமீட்டர் நகர்ந்துவிடுவார். அதற்குள் அவரது முகம் மங்கிவிடும். அசையாமல் நிற்பவரை வைத்துச் செய்யும் சோதனையில் இக்குறை தெரியாது.

ஒப்பீடு

850 நானோமீட்டர்

- விளக்கை நேரே நோக்கினால் செந்நிறப் புள்ளிகள் தெரியும்.
- ஒரே வலிமையில் கூடுதல் தொலைவு எட்டும்.
- கண்காணிப்பு நடைபெறுவதை வெளிப்படுத்துவதால், தவறு செய்ய எண்ணுபவரைத் தயங்கச் செய்யக்கூடும்.
- படக்கருவியின் இருப்பிடத்தைக் காட்டிக்கொடுப்பதால், அதனைச் சேதப்படுத்தவோ தவிர்த்துச் செல்லவோ வாய்ப்பளிக்கும்.

940 நானோமீட்டர்

- வெறுங்கண்ணுக்கு எதுவும் தெரியாது.
- வழக்கமான உணரிகளில் எட்டும் தொலைவு குறைவு.
- உறங்கும் குழந்தை, நோயாளி, வாகன ஓட்டுநர் ஆகியோரின் கவனத்தைக் கலைப்பதில்லை.
- எச்சரிக்கை விளைவு இல்லை.

இவை இரண்டுக்கும் மாற்றாக மூன்றாவது முறையும் உள்ளது. வெள்ளை ஒளி விளக்கைப் பயன்படுத்தி இரவிலும் வண்ணப் படம் பெறலாம். சில படக்கருவிகள் வழக்கமாக அகச்சிவப்பில் இயங்கி, ஆள் நடமாட்டத்தை உணர்ந்தவுடன் வெள்ளை விளக்கை எரியச் செய்கின்றன.

பதிவாகும் படமும் சான்றாகும் தன்மையும்

அகச்சிவப்பில் பதிவான படம், பகலில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் அன்று. அதில் தெரியும் கருமையும் வெண்மையும், பொருள்கள் அகச்சிவப்பை எவ்வளவு எதிரொளிக்கின்றன என்பதையே காட்டுகின்றன. அவை கண்ணுக்குத் தெரியும் நிறத்தோடு ஒத்திருக்க வேண்டிய தேவையில்லை.

ஆடைகளில் இவ்வேறுபாடு பெரிதாக இருக்கும். துணிகளுக்கு ஊட்டப்படும் கறுப்புச் சாயங்கள் பலவும் கட்புல ஒளியை மட்டுமே உட்கவர்கின்றன, அகச்சிவப்பை உட்கவர்வதில்லை. எனவே கறுப்புச் சட்டை அணிந்தவர் பதிவில் வெளிர்சாம்பல் அல்லது வெள்ளைச் சட்டை அணிந்தவராகத் தோன்றக்கூடும். அதே வேளையில் கரித்தூள் கலந்த கறுப்பு, அகச்சிவப்பிலும் கறுப்பாகவே இருக்கும். ஒரே நிறத்திலான மேலாடையும் கீழாடையும் துணி வேறுபட்டால் இருவேறு நிறங்களாகத் தெரிவதும் உண்டு.

குற்ற நிகழ்வு ஒன்றில், கறுப்புச் சட்டை அணிந்தவரைக் கண்டதாகச் சாட்சி சொல்வதும், பதிவில் வெள்ளைச் சட்டை தெரிவதும் ஒரே ஆளையே குறிக்கலாம். இதனை அறியாமல் பதிவை நேரடியாக நம்பினால், சாட்சி பொய் சொல்கிறார் என்றோ, தொடர்பில்லாத ஒருவரே குற்றவாளி என்றோ முடிவு செய்ய நேரிடும். எனவே இரவுப் பதிவில் தெரியும் ஆடை நிறத்தைக் கொண்டு ஒருவரை அடையாளப்படுத்தக் கூடாது. உடலமைப்பு, நடை, ஆடையின் வெட்டு, கையிலுள்ள பொருளின் வடிவம் ஆகியவையே நம்பத்தக்கவை. ஐயம் எழுந்தால், குறிப்பிட்ட ஆடையை அதே படக்கருவியின் முன் இரவில் வைத்துப் பார்த்து உறுதி செய்யலாம்.

வேறு சில இயல்புகளும் கவனிக்கத்தக்கவை.

- மரஞ்செடிகளின் இலைகள் வெண்மையாகத் தோன்றும். இலையின் உள்ளமைப்பு அண்மை அகச்சிவப்பை மிகுதியாக எதிரொளிப்பதே காரணம். 1910-இல் இத்தகைய ஒளிப்படங்களை வெளியிட்ட இராபர்ட்டு உட் என்பவரின் பெயரால் இது உட் விளைவு எனப்படுகிறது.
- வாகனப் பதிவெண் தகடுகள் ஒளியை வந்த திசையிலேயே திருப்பி அனுப்புபவை. விளக்கு வில்லையின் அருகிலேயே இருப்பதால் தகடு முழுதும் வெளுத்து எழுத்துகள் மறையக்கூடும். பதிவெண்ணைப் படிக்கும் படக்கருவிகளில் இதற்காக ஒளியேற்பு நேரம் மிகக் குறைவாக வைக்கப்படுகிறது.
- மிக அருகில் வரும் முகம் வெண்மையாகி அடையாளம் இழக்கலாம். அண்மைப் பொருளுக்கேற்ப விளக்கின் வலிமையைத் தானே குறைக்கும் வசதி பல கருவிகளில் உண்டு.

பயன்பாடுகள்

பரம்வீர் சிங் சைனி எதிர் பல்சித் சிங் வழக்கில், 2020 திசம்பர் 2 அன்று இந்திய உச்ச நீதிமன்றம் நாட்டின் எல்லாக் காவல் நிலையங்களிலும் கண்காணிப்புப் படக்கருவிகளைப் பொருத்த ஆணையிட்டது. அக்கருவிகள் இரவுப் பார்வை வசதி கொண்டிருக்க வேண்டும் என்றும், ஒலியையும் சேர்த்துப் பதிவு செய்ய வேண்டும் என்றும் அவ்வாணை கூறுகிறது. காவலில் உள்ளவர்களின் உரிமைகளைக் காப்பது இதன் நோக்கம். இத்தகைய இடங்களில், விளக்கணைந்த அறையில் நடப்பதும் தெளிவாகப் பதிவாகிறதா என்பது ஓர் உயிரைப் பற்றிய வினாவாகிவிடக்கூடும்.

காட்டுயிர் ஆய்வில் பயன்படும் தானியங்கிப் படப்பொறிகளிலும் இவ்விரு அலைநீளங்களும் பயன்படுகின்றன. செந்நிறப் புள்ளிகள் விலங்குகளின் கவனத்தை ஈர்ப்பதோடு, கருவியைத் திருட வருபவருக்கும் அதன் இருப்பிடத்தைக் காட்டிவிடும். படப்பொறிகளின் ஒலியையும் அகச்சிவப்பு ஒளியையும் பாலூட்டிகள் பலவும் உணரக்கூடும் என்பதை 2014-இல் ஆசுத்திரேலிய ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டினர். மனிதனுக்குத் தெரியாதது எல்லா உயிர்களுக்கும் தெரியாதது எனக் கொள்ள இயலாது.

வாகன ஓட்டுநரின் விழிப்பைக் கண்காணிக்கும் கருவிகளில் 940 நானோமீட்டர் விரும்பப்படுகிறது. செந்நிற ஒளி ஓட்டுநரை உறுத்தாது என்பது ஒரு காரணம். வளிமண்டலத்திலுள்ள நீராவி இந்த அலைநீளத்தை ஒட்டிய சூரிய ஒளியை ஓரளவு உட்கவர்ந்துவிடுவதால், பகலில் சூரியனின் இடையூறு குறைவு என்பது மற்றொரு காரணம்.

கண் பாதுகாப்பு

வலிமையான கட்புல ஒளி கண்ணில் பட்டால் கண்மணி சுருங்கும், இமை மூடும், தலை தானே திரும்பும். அகச்சிவப்பு ஒளி தெரியாததால் இத்தற்காப்புச் செயல்கள் நிகழ்வதில்லை. எனவே தெரியாத ஒளி தீங்கற்றது என்று கருதுவது தவறு. நெடுங்காலம் மிகுந்த அகச்சிவப்புக்கு ஆட்படுபவர்களுக்குக் கண்புரை ஏற்படுவது, கண்ணாடி ஊதும் தொழிலாளர்களிடம் முன்பே அறியப்பட்ட ஒன்று.

2006-இல் வெளியான 62471 என்னும் பன்னாட்டுத் தரம் விளக்குகளின் கதிர்வீச்சு அளவுக்கு வரம்பு விதிக்கிறது. 1,000 நொடிகளுக்கு மேல் நீளும் ஆட்பாட்டில், கண்ணின் மேல் விழும் அகச்சிவப்பு ஒரு சதுர மீட்டருக்கு 100 வாட்டைத் தாண்டக் கூடாது. கூரையிலோ உயரமான சுவரிலோ பொருத்தப்படும் பொதுவான படக்கருவிகளைக் கடந்து செல்பவருக்கு இவ்வளவு கதிர் விழுவதில்லை. ஆனால் தனியாக விற்கப்படும் வலிமையான அகச்சிவப்பு விளக்குகளை எரியும் நிலையில் மிக அருகில் வைத்து உற்றுநோக்கக் கூடாது. பழுது பார்க்கும்போது மின்னிணைப்பைத் துண்டித்துவிட வேண்டும்.

தனியுரிமை

1998-இல் சோனி நிறுவனத்தின் கையடக்க நிகழ்படக் கருவிகளில் இருந்த நைட்சாட் என்னும் இரவுப் பார்வை வசதி சர்ச்சைக்குள்ளானது. அதனைப் பகல் ஒளியில், கட்புல ஒளியைத் தடுக்கும் வடிகட்டியுடன் பயன்படுத்தினால், சில வகை ஆடைகளின் ஊடாகத் தெரிவதாகச் செய்திகள் வெளிவந்தன. அதன் பின் அந்நிறுவனம் பகலில் அவ்வசதியை அவ்வாறு பயன்படுத்த இயலாதபடி கருவியை மாற்றியமைத்தது.

தெரியாத விளக்குடைய சிறு படக்கருவிகள், ஒருவரது ஒப்புதலின்றி அவரைப் பதிவு செய்யவும் பயன்படக்கூடும். இந்தியாவில், பெண் ஒருவர் தனிமையில் இருக்கும்போது அவரை மறைந்து நோக்குவதும் படம் பிடிப்பதும் 2013-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின் வாயிலாகத் தண்டனைக்குரிய குற்றமாக்கப்பட்டன. 2024 சூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்கிதாவில் இது 77-ஆம் பிரிவாக இடம்பெற்றுள்ளது.

கண்டறியும் முறை

கைப்பேசியின் படக்கருவியும் சிலிக்கான் உணரியே ஆதலால், அதனைக் கொண்டு அகச்சிவப்பு விளக்கைக் கண்டறிய இயலும். முதலில் தொலைக்காட்சித் தொலைஇயக்கியின் முனையைக் கைப்பேசிப் படக்கருவிக்கு நேராகப் பிடித்து, பொத்தானை அழுத்திப் பார்க்க வேண்டும். திரையில் வெண்மையான அல்லது ஊதா நிறமான ஒளிப்புள்ளி தெரிந்தால், அக்கைப்பேசி 940 நானோமீட்டரையும் உணர்கிறது எனலாம். பின்புறப் படக்கருவிகளில் தடுப்பு வடிகட்டி பெரும்பாலும் வலிமையானதாக இருப்பதால், முன்புறப் படக்கருவியையும் சோதித்துப் பார்ப்பது நல்லது. பின்னர் அறையின் விளக்குகளை அணைத்துவிட்டு, கைப்பேசியைச் சுற்றிலும் மெதுவாகத் திருப்பினால், எரியும் அகச்சிவப்பு விளக்குகள் திரையில் புலப்படும்.

இம்முறையில் எதுவும் தென்படாவிட்டால், எரியும் அகச்சிவப்பு விளக்கு எதுவும் கண்ணில் படவில்லை என்றே பொருள். விளக்கின்றி, அறையின் ஒளியிலேயே இயங்கும் மறைவான படக்கருவியை இது காட்டாது.

நிறுவும்போது கவனிக்க வேண்டியவை

- முதலில் யாரை, எத்தொலைவில், எதற்காகப் பதிவு செய்ய வேண்டும் என்பதை முடிவு செய்து, அதற்கேற்ற வில்லையைத் தெரிவு செய்ய வேண்டும். அலைநீளத்தைப் பற்றிய முடிவு அதன் பின்னரே வர வேண்டும்.
- படக்கருவிக்கு மிக அருகில் சுவர், தூண், கூரை விளிம்பு ஆகியவை இருந்தால், ஒளி அவற்றில் பட்டுத் திரும்பிப் படத்தை வெளுக்கச் செய்யும்.
- கண்ணாடிச் சாளரத்தின் பின்னால் வைத்தால், விளக்கின் ஒளி கண்ணாடியில் எதிரொளித்து வெளிக்காட்சியை மறைத்துவிடும். இது இரு அலைநீளங்களுக்கும் பொருந்தும்.
- வில்லையின் முன் படியும் தூசியும் சிலந்தி வலையும் அகச்சிவப்பில் ஒளிர்ந்து காட்சியை மறைக்கும். மழைத்துளியும் பனிமூட்டமும் அவ்வாறே. விளக்கை வில்லையிலிருந்து சற்றுத் தள்ளித் தனியே அமைத்தால் இக்குறை குறையும்.
- அகச்சிவப்பு, கட்புல ஒளி குவியும் அதே இடத்தில் குவிவதில்லை. குவியத்தைக் கையால் சரிசெய்யும் கருவியில், இரவு நிலையிலும் தெளிவைச் சரிபார்க்க வேண்டும்.
- இறுதிச் சோதனையை இரவில், ஒருவரை வழக்கமான வேகத்தில் நடக்கச் செய்து நடத்த வேண்டும். நேரடிக் காட்சியை அன்றி, பதிவான படத்தை நிறுத்திப் பார்த்து, முகம் தெளிவாக உள்ளதா என்பதை உறுதி செய்ய வேண்டும்.